சம்பூர்ணத்துக்குப் படத்திறப்பு

ஆம்பூரில் யாராவது பெரிய மனிதர் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று செய்தி வந்தால் இரண்டு இடங்களில் பரபரப்பு உண்டாகும். ஒன்று அவர் வீடு. இன்னொன்று பாலாற்றங்கரைக் கலை பண்பாட்டுப் பேரவை. வீட்டில் டாக்டருக்கு ஆள் அனுப்புவார்கள். பேரவையில் திரைச்சீலையை இஸ்திரி போட அனுப்புவார்கள்.

பேரவை நல்ல நோக்கங்களோடு தொடங்கப்பட்டதுதான். இசை, நாடகம், ஓவியம், கூத்து என்று அதன் விதிகளில் எல்லாமே எழுதியிருக்கிறது. காலப்போக்கில் ஒவ்வொன்றாக உதிர்ந்து, படத்திறப்பு மட்டும் நிலைத்தது. நாடகம் போட்டால் நடிகர்கள் தாமதமாக வருவார்கள். கச்சேரி வைத்தால் வித்வான் கோபித்துக்கொள்வார். படத்திறப்பில் அந்தத் தொல்லை கிடையாது. விழா நாயகர் முன்கூட்டியே வந்து சுவரில் தொங்கிவிடுவார். யார் எவ்வளவு நேரம் பேசினாலும் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்.

பேரவை மண்டபத்தின் மூன்று சுவர்கள் இப்படி நிறைந்துவிட்டன. தோல் வியாபாரிகள், தலைமையாசிரியர்கள், நகராட்சித் தலைவர்கள், ஒரு சித்த வைத்தியர். எல்லோர் கழுத்திலும் சந்தனச் சீவல் மாலை. எல்லோர் தலைக்கு மேலும் ஒரு சின்ன சிவப்பு பல்பு. கரண்ட் போனால் அத்தனை பேரும் இரண்டாம் தடவை மறைவார்கள்.

அந்தப் படங்களில் பாதிக்கு மேல் வரைந்தவன் ஜெயகரன். சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு ஊர் திரும்பி, ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய தோல் கிடங்கில் வரைந்துகொண்டிருந்தான். ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் எந்நேரமும் மணக்கிற இடம். அக்கம்பக்கத்தார் அவன் ஷூ பாலிஷ் தயாரிப்பதாக நெடுநாள் நம்பியிருந்தார்கள். அப்போது இருந்த மரியாதை உண்மை தெரிந்த பிறகு இல்லை. அவன் மனைவி ஜெயபுஷ்பம் வேலூரில் நர்ஸ். தினமும் மனிதர்களைப் பிழைக்க வைக்கப் பார்க்கிறவள் என்பதால், பேரவை ஆட்கள் வீட்டுக்கு வந்தால் அவளுக்குப் பிடிக்காது.

ஜெயகரன் மனிதர்களை மட்டும்தான் வரைவான். சென்னையில் ஒரு கண்காட்சிக்காரர் அவன் படங்களைப் பார்த்துவிட்டு, "மனுஷங்களையே வரையறீங்களே, அதுக்கப்புறம் வேற எதுவும் தோணலையா?" என்று வருத்தப்பட்டார். "கடவுளுக்கே தோணல சார். மனுஷனைப் படைச்சிட்டு ஓய்வெடுத்துட்டாரு" என்றான் ஜெயகரன். அவர் அதை நகைச்சுவை என்று நினைத்து, கண்காட்சிக்கும் கூப்பிடாமல் விட்டுவிட்டார்.

பேரவைக்கு வரைவதில்தான் ஜெயகரனுக்குச் சலிப்பு. செத்தவரின் ஆதார் அட்டையைக் கொடுத்து, வரைந்து தரச் சொல்வார்கள். ஆதார் படத்தில் எந்த மனிதனும் உயிரோடு இருப்பதில்லை. அவன் கஷ்டப்பட்டுக் கண்ணில் கொஞ்சம் ஒளியை வைத்துக் கொடுத்தால், அதிலும் குறை வரும். ஒரு மகன் தனியாக வந்து, "அப்பா என்னையே பாக்கறாரு சார். கண்ணை மட்டும் கொஞ்சம் அந்தாண்ட திருப்பிடுங்க" என்று கேட்டுக்கொண்டான். திருப்பிக் கொடுத்தான். அடுத்த வாரம் தம்பிக்காரன் வந்தான். அப்பா இப்போது அவனைப் பார்க்கிறாராம்.

இப்படி இருக்கையில் ஓர் ஆண்டு பிப்ரவரியில், 'உழைக்கும் மகளிர்' என்ற தலைப்பில் ஓர் ஓவியம் வைக்கும்படி பேரவைக்கு மேலிடத்திலிருந்து நிதியோடு உத்தரவு வந்தது. நாலாவது சுவர் காலியாக இருந்தது. செயலாளர் நவநீதன் ஜெயகரனைக் கூப்பிட்டார்.

"ஒரே நிபந்தனை சார்" என்றான் ஜெயகரன். "உயிரோட இருக்கற ஆளை எதிர்ல உக்கார வச்சுத்தான் வரைவேன்."

"யாரை வேணும்னாலும் வரைங்க. மார்ச்சுக்குள்ள பெயின்ட் காயணும்" என்றார் நவநீதன்.

ஜெயகரன் மனதில் ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தாள்.

மாலையில் ஷூ ஃபாக்டரி பஸ் நிற்கும் இடத்தில் அவன் டீ குடிப்பது வழக்கம். பஸ்ஸின் படி உயரம். அதிலிருந்து தினமும் ஒரு பெண் முதல் ஆளாக இறங்குவாள். இறங்கியதும் வீட்டுக்கு ஓட மாட்டாள். படிக்குப் பக்கத்தில் நின்று, பின்னால் இறங்குகிற ஒவ்வொருத்திக்கும் கை கொடுப்பாள். முட்டி வலிக்காரிகள், வயிற்றுப் பிள்ளைக்காரி, புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண்கள், எல்லோரும் அந்தக் கையைப் பார்க்காமலே பிடித்து இறங்குவார்கள். வீட்டுக் கைப்பிடிச் சுவரைப் பிடிக்கிற மாதிரி. கடைசி ஆளும் இறங்கிய பிறகு பஸ்ஸைத் தட்டி அனுப்பிவிட்டுப் போவாள். அவள் பெயர் சம்பூர்ணம். தையல் பிரிவில் வேலை.

"என்னையா? இன்னா சார் நீங்க, லைன்ல எத்தினி அழகான பொண்ணுங்க இருக்குது" என்று சிரித்தாள் சம்பூர்ணம். ஜெயபுஷ்பம் நேரில் போய்க் கூப்பிட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து ஜெயகரனும் ஜெயபுஷ்பமும் வந்ததும் சம்பூர்ணம் கிடங்குக்கு வருவாள். ஜெயபுஷ்பம் டீ போட்டு வைப்பாள். சம்பூர்ணத்தால் முகத்தை அசைக்காமல் வைத்திருக்க முடிந்தது. கைகளை மட்டும் முடியவில்லை. மடியில் வைத்த விரல்கள் தானாகவே இல்லாத தோலை மடித்து இல்லாத ஊசிக்குக் கீழே தள்ளும்.

"சும்மா உக்கார்றது ரொம்ப பேஜார் சார். இதுக்கு டார்கெட்டே தேவலாம்."

"தூக்கம் வந்தா தூங்குங்க."

அவள் தூங்கிவிட்டாள். கைகள் மட்டும் வெகுநேரம் கழித்துத்தான் தூங்கின. அந்தக் கைகள் ஓய்ந்த கணத்துக்காக ஜெயகரன் ஞாயிறு ஞாயிறாகக் காத்திருந்து வரைந்தான். படம் முடிகிற சமயத்தில் ஒருநாள் அவள் கேட்டாள்.

"சார், இதை நான் உயிரோட இருக்கறப்பவே மாட்டுவாங்களா?"

"ஏன் அப்படிக் கேக்கறீங்க?"

"எங்கம்மாவுக்கு இருக்கறது ஒரே போட்டோ. செத்த அன்னிக்கி நாற்காலியில உக்கார வச்சு எடுத்தாங்க. கண்ணு மூடியிருக்கும். அம்மாவோட கண்ணு எப்படி இருக்கும்னு எனக்கு இப்ப நெனப்பு வரமாட்டேங்குது. என் பொண்ணு தமிழினிக்கு அப்படி ஆவக்கூடாது சார்."

"உயிரோடதான் மாட்டுவாங்க. நான் பொறுப்பு" என்றான் ஜெயகரன்.

"அப்ப இப்ப பாக்க மாட்டேன். சுவத்துல மாட்டினதும் தமிழினியோட வந்து பாக்கறேன்" என்று படத்தின் பக்கம் திரும்பாமலே போய்விட்டாள்.

படம் பேரவைக்குப் போனது. அலுவலக உதவியாளர் ஹஸன் பாய் அதை இறக்கி வைத்து, கொஞ்ச நேரம் எதிரே நின்றார். "பஸ்ல கை கொடுக்கற அக்கா" என்றார். ஓவியம் பற்றிப் பேரவையில் சொல்லப்பட்ட கருத்து அது ஒன்றுதான்.

நவநீதன் கோப்பைத் திறந்தார். "பேரு?"

"சம்பூர்ணம்."

"மறைந்த தேதி?"

"மறையல சார். காலையில ஷிப்டுக்குப் போயிருக்காங்க."

நவநீதன் பேனாவை மூடினார். தலைவரைக் கூப்பிட்டார். தலைவர் சுந்தரமூர்த்தி பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பதவி என்பது அவருக்குப் போர்த்தப்பட்ட பொன்னாடைகளின் கனத்தில் ஊருக்கு மறந்துபோயிருந்தது. அவர் படத்தை நன்றாகப் பார்த்தார். படத்தின் சட்டத்தை.

"நல்ல தேக்கு" என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஜெயகரன், நீங்க கலைஞர். உங்களுக்கு நிர்வாகம் தெரியாது. இந்த மண்டபத்துல உயிரோட இருக்கற ஒருத்தர் படமும் இதுவரைக்கும் மாட்டினது இல்ல. ஏன்? உயிரோட இருக்கறவங்களை நம்ப முடியாது. நாம இன்னிக்கு மாட்டுவோம். நாளைக்கு அந்தம்மா ஏதாவது பேசிட்டா? போராட்டத்துல உக்காந்துட்டா? செத்தவங்க அப்படியில்ல. ஒரு தடவை நல்லவங்கன்னு சொல்லிட்டோம்னா கடைசி வரைக்கும் நல்லவங்களா இருப்பாங்க."

"விதி பதினாலு, இறப்புச் சான்றிதழ் நகல் இணைக்கணும்" என்றார் நவநீதன்.

"உயிரோட இருக்கறவங்களுக்கு அதை எப்படி சார் வாங்கறது?"

"அதான் நானும் சொல்றேன். ஆளைத் தேர்ந்தெடுக்கறப்பவே யோசிச்சிருக்கணும்." நவநீதன் குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மாவுக்கு சுகர் ஏதாவது இருக்கா?"

ஜெயகரனுக்குக் கேள்வி புரிய நேரமாயிற்று. "இல்ல சார்."

"பிரஷர்?"

"நல்லா இருக்காங்க சார்."

தலைவரும் செயலாளரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நேரடி ஆய்வு செய்வது என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காரில் சம்பூர்ணம் வீட்டுக்குப் போனார்கள். லாரி ஓட்டுகிற அவள் கணவன் கான்பூர் லோடுக்குப் போயிருந்தான். சம்பூர்ணம் இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடமாகத் தண்ணீர் கொண்டுவந்துகொண்டிருந்தாள். குடங்களை இறக்காமலே, "உக்காருங்க சார்" என்று கட்டிலைக் காட்டினாள். சுந்தரமூர்த்தி குடங்களையே பார்த்தார். மூச்சு வாங்குகிறதா என்று நவநீதன் கவனித்தார். வாங்கவில்லை. அவர்கள் வாயிலிருந்து விஷயம் எதுவும் வராததால், ஏதோ கணக்கெடுப்பு என்று நினைத்து, சம்பூர்ணம் இருவருக்கும் மோர் கொடுத்து அனுப்பினாள்.

"இப்போதைக்கு வாய்ப்பில்ல" என்று நவநீதன் காரில் சொன்னார்.

மார்ச் கடைசி நெருங்கியது. படம் மாட்டாவிட்டால் நிதி திரும்பிப் போகும். செயற்குழு அவசரமாகக் கூடி விவாதித்து, அறிவு சார்ந்த ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. திருமதி சம்பூர்ணம் விழா முடியும் வரை மறைந்தவராகக் கருதப்படுவார். விழா முடிந்ததும் அவருடைய பழைய நிலை தொடரும். இது முற்றிலும் தற்காலிக ஏற்பாடு.

"இதுல அவங்களுக்கு எந்த நஷ்டமும் இல்ல" என்று சுந்தரமூர்த்தி ஜெயகரனிடம் போனில் சொன்னார். "ஒரு வாரம்தானே."

ஜெயகரன் என்ன பதில் சொல்வது என்று யோசிப்பதற்குள் அவர் வைத்துவிட்டார். ஏதோ கோப்புக்காக எழுதிக்கொள்கிறார்கள், யார் கண்ணில் படப்போகிறது என்று அவன் தன்னையே சமாதானம் செய்துகொண்டான். அது அவன் செய்த தப்பு.

இரண்டாம் நாள் மேம்பாலத்துத் தூண்களில் போஸ்டர் ஒட்டியிருந்தது. நடுவில் ஜெயகரன் வரைந்த முகம். மேலே பேரவை வழக்கமாகப் போடுகிற இரண்டு மெழுகுவர்த்தி. கீழே, 'அமரர் சம்பூர்ணம் அம்மையார் திருவுருவப் படத்திறப்பு. கண்ணீர் மல்க அழைக்கிறோம்.'

அன்று காலை ஃபாக்டரியில் தையல் பிரிவு மெஷின்களை நிறுத்தச் சொன்னார்கள். பர்சனல் ஆபீஸர் வந்து தலை குனிந்து நின்றார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். சம்பூர்ணமும் நின்றாள். ஒரு நிமிடம் முடிந்து மெஷின்கள் ஓடத் தொடங்கியதும் பக்கத்து மெஷின் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டாள்.

"யாருக்குடி?"

"உனக்குத்தாங்க்கா" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பர்சனல் ஆபீஸரிடம் போய்ச் சொன்னார்கள். அவர் சம்பூர்ணத்தையும் போனில் வந்திருந்த போஸ்டர் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, போய் வேலையைப் பாருங்க" என்றார். அந்த ஒரு நிமிடத்தை டார்கெட்டிலிருந்து கழிக்கவில்லை.

வீட்டில் நிலைமை வேறு மாதிரி. தெருமுனை வரை போஸ்டர் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த தமிழினியை வழியிலேயே இரண்டு அத்தைமார் பிடித்துக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார்கள். காலையில் தலைபின்னி அனுப்பிய அம்மா இல்லை என்று அந்தப் பெண் நம்பிவிட்டாள். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி, எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு, சம்பூர்ணம் வீட்டுக்கு வந்து சேருகிற வரைக்கும் அந்த நம்பிக்கையோடுதான் இருந்தாள்.

சம்பூர்ணம் மகளை இழுத்துக்கொண்டு நேராகக் கிடங்குக்கு வந்தாள். தமிழினியின் முகம் வீங்கியிருந்தது. அம்மாவின் முந்தானையை விடவே இல்லை.

"உயிரோட மாட்டுவேன்னு சொன்னீங்களே சார்" என்றாள் சம்பூர்ணம்.

ஜெயகரனுக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எத்தனையோ முகங்களை உற்று உற்றுப் பார்த்து வரைந்தவனுக்கு, அந்த ஒரு முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. ஜெயபுஷ்பம்தான் தமிழினிக்கு முகம் கழுவித் துடைத்துவிட்டு, "எழுந்திருங்க, போய்ப் படத்தை எடுத்துட்டு வந்துருங்க" என்றாள்.

ஜெயகரனும் சம்பூர்ணமும் தமிழினியும் பேரவைக்குப் போனார்கள். நவநீதன் மாலைக்கு ஆர்டர் எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், நான்தான் சம்பூர்ணம். உங்களுக்கு மோர் கொடுத்தேனே."

நவநீதன் எழுந்து வணக்கம் சொன்னார். அவர் மரியாதை தெரிந்தவர். "உக்காருங்கம்மா. நீங்க உயிரோட இருக்கறதுல தனிப்பட்ட முறையில எனக்கு மகிழ்ச்சி. ஆனா பேரவைன்னு வரும்போது, சம்பந்தப்பட்டவங்களே வந்து சொல்றதை ஏத்துக்க முடியாது. உங்களை ஏத்துக்கிட்டா நாளைக்கு சுவத்துல இருக்கற எல்லார் சார்பாவும் யாராவது வந்து நிப்பாங்க."

"அப்ப படத்தைக் கொடுத்துடுங்க சார். நான் எடுத்துட்டுப் போறேன்" என்றான் ஜெயகரன்.

"அது இப்ப பேரவையோட சொத்து. மறைந்தவங்க குடும்பத்துலேர்ந்து ஆட்சேபணை வந்தா, அடுத்த பொதுக்குழுவில பரிசீலிக்கலாம். போஸ்டரையும் அதே கூட்டத்துல திருத்திடலாம்."

"பொதுக்குழு எப்ப சார்?"

"யாராவது மறைஞ்சதும்."

சம்பூர்ணத்தின் பார்வை மண்டபத்துக்குள் போயிற்று. மூன்று சுவர்களில் மாலையும் சிவப்பு பல்புமாகப் பெரிய மனிதர்கள். நாலாவது சுவரில் ஊதாத் திரைக்குப் பின்னால் ஒரே ஒரு படம். ஹஸன் பாய் சத்தமில்லாமல் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்.

"குடிங்கக்கா. ஷிப்டு முடிச்சு நேரா வந்தீங்க."

அவள் குடித்தாள். பேரவைக்குள் வந்ததிலிருந்து அவளை உயிரோடு இருக்கிற ஆளாக நடத்தியது அந்தத் தண்ணீர் மட்டும்தான்.

வெளியே வந்ததும் ஜெயகரன் சொன்னான்: "ராத்திரியோட ராத்திரியா நானே போய் அந்தப் படத்தைக் கிழிச்சுப் போட்டுடறேன்மா."

"கிழிக்காதீங்க சார். ஞாயித்துக்கிழமையெல்லாம் நான் குந்திக் குடுத்தது அது" என்றாள் சம்பூர்ணம். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "திறக்கட்டும். அன்னிக்கி நான் வர்றேன். லைன்ல எல்லாரையும் கூட்டிக்கிட்டு வர்றேன்" என்றாள்.

விழாவுக்கு மாலை வாங்கிவரச் சொல்லி ஹஸன் பாயைப் பூக்கடைக்கு அனுப்பினார்கள். வழக்கமான சந்தனச் சீவல் மாலையைக் கடைக்காரர் எடுத்து வைத்திருந்தார். ஹஸன் பாய்க்கு அதைத் தொடக் கை வரவில்லை. சாயங்காலம் சாயங்காலம் தன் கண் முன்னால் பஸ்ஸிலிருந்து இறங்குகிற மனுஷிக்கு அதை எப்படி வாங்குவது. பிறகு, "இது வாணாம் பாய். மல்லி குடுங்க. நெருக்கமா கட்டுனது, தலையில வைக்கறது. ஜாஸ்தியாவே குடுங்க" என்றார்.

"யாருக்கு, கல்யாணமா?"

"அந்த மாதிரிதான்" என்றார் ஹஸன் பாய். அன்று அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான். அல்லா கணக்கில் வைத்துக்கொள்ள மாட்டார் என்று அவருக்கு நம்பிக்கை.

விழா தொடங்கியது. முன்வரிசை நாற்காலிகள் எல்லாம் செயற்குழுக் குடும்பங்களுக்கு. 'உழைக்கும் மகளிர்' விழாவுக்கு வந்த உழைக்கும் மகளிர் பின்சுவரை ஒட்டி நின்றார்கள். நடுவில் சம்பூர்ணம், தமிழினி. ஓரத்தில் ஜெயபுஷ்பமும் ஜெயகரனும். ஹஸன் பாய் தன் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். சம்பூர்ணம் அதில் வயிற்றுப் பிள்ளைக்காரியை உட்கார வைத்தாள்.

இரண்டு நிமிட மௌன அஞ்சலி என்று நவநீதன் அறிவித்தார். முன்வரிசையில் இருமினார்கள், விசிறினார்கள், போன் பார்த்தார்கள். மண்டபத்திலேயே ஆடாமல் அசையாமல் நின்றவள் சம்பூர்ணம் ஒருத்திதான். ஃபாக்டரியில் ஏற்கெனவே ஒத்திகை ஆகியிருந்தது.

சுந்தரமூர்த்தி பேச எழுந்தார்.

"அமரர் சம்பூர்ணம் அம்மையாரை நான் கடைசியாகச் சந்தித்தபோது அவர் இரண்டு குடம் தண்ணீரைச் சுமந்துகொண்டிருந்தார். அந்த நிலையிலும் என்னை உட்காரச் சொன்னார். எனக்கு மோர் கொடுத்தார். நான் குடித்தேன். குடத்தை வாங்கிக் கீழே வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் உழைப்பை நான் மதிக்கிறவன். உழைப்பவரை நான் இடைமறிப்பதில்லை." முன்வரிசை கை தட்டியது. "நண்பர்களே, இப்படிப்பட்டவர்களை உயிரோடு இருக்கும்போது சமுதாயம் கண்டுகொள்வதில்லை என்று குறை சொல்கிறார்கள். பேரவை அந்தக் குறைக்கு ஆளானதே இல்லை. உயிரோடு இருக்கும் யாரையும் நாங்கள் ஒருபோதும் கண்டுகொண்டதில்லை. அதில் ஏழை, பணக்காரன் என்ற பாகுபாடு எங்களிடம் கிடையாது."

மறுபடியும் கைதட்டல். பின்வரிசையில் ஒருத்தி, "மோரு குடிச்சதை மட்டும் கரெக்டா சொல்றாருக்கா" என்றாள். சம்பூர்ணம் அவளை முழங்கையால் இடித்தாள்.

அடுத்து நவநீதன் மைக்கைப் பிடித்தார். "அமரரின் குடும்பத்தார் மேடைக்கு வந்து மாலை அணிவிக்குமாறு அன்போடு அழைக்கிறோம்."

சம்பூர்ணம் தமிழினியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மேடைப் படியில் நவநீதன் கையை நீட்டித் தடுத்தார். மைக்கைப் பொத்திக்கொண்டு, "நீங்க வரக்கூடாதும்மா. விழா முடியற வரைக்கும் நீங்க இல்ல" என்று கெஞ்சினார்.

"குடும்பத்தைத்தானே சார் கூப்ட்டீங்க. எங்க வீட்ல பெரியவ நான்தான்."

நவநீதன் யோசித்தார். விதிகளை மனதுக்குள் புரட்டினார். குடும்பத்தில் மூத்தவர் மாலை போடக்கூடாது என்று எங்கும் இல்லை. கையை எடுத்துவிட்டு, மைக்கில் சொன்னார்: "அமரரின் குடும்பத்தில் மூத்தவர் வருகிறார்."

சுந்தரமூர்த்தி எழுந்து கைகூப்பினார். அவருக்குக் குடங்கள் நினைவிருந்தன. முகம் நினைவில்லை. "தைரியமா இருங்கம்மா. எல்லாருக்கும் ஒரு நாள் வர்றதுதான்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்தார்.

ஊதாத் திரை விலகியது.

நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கிடங்கின் உயரமான ஜன்னலிலிருந்து வெளிச்சம் அவள் தோளில் விழுந்திருந்தது. தூங்கி இப்போதுதான் எழுந்த கண்கள், எதிரே நிற்கிறவரைப் பார்த்து, 'இறங்கறியா, கை கொடுக்கட்டுமா' என்று கேட்கப்போகிற மாதிரி திறந்திருந்தன. மடியில் இரண்டு கைகள். ஊசி குத்திய தழும்புகளோடு, உள்ளங்கை மேலே பார்த்தபடி, ஒன்றன்மேல் ஒன்று.

மேடையில் படத்தின் முகமும் அதற்கு முன்னால் அதே முகமும் தெரிந்தன. முன்வரிசையில் விசிறிகள் நின்றன. அஞ்சலியின் இரண்டு நிமிடத்தில் இல்லாத மௌனம் மண்டபத்துக்கு இப்போது வந்தது.

சம்பூர்ணம் வெகுநேரம் பார்த்தாள். பிறகு கூட்டத்தில் ஜெயகரனைத் தேடிக் கண்டுபிடித்து, மேடையிலிருந்தே சொன்னாள்.

"கை தூங்குது சார்."

ஜெயகரன் தலையாட்டினான்.

ஹஸன் பாய் தாம்பாளத்தை நீட்டினார். அதில் சந்தன மாலை இல்லை. வெள்ளை வெளேரென்று மல்லிச் சரம், சுருள் சுருளாக. சம்பூர்ணம் அதைப் பார்த்தாள். ஹஸன் பாயைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சரத்தைக் கையில் எடுத்தாள். படத்தின் பக்கம் போகவில்லை. பல்லால் ஒரு முழம் கடித்துத் துண்டாக்கி, குனிந்து தமிழினியின் பின்னலில் வைத்தாள். இன்னொரு துண்டைத் தன் கொண்டையில் சொருகிக்கொண்டாள். பிறகு மேடையை விட்டு இறங்கி, பின்வரிசைக்கு நடந்தாள். ஸ்டூலில் இருந்த வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு ஒரு துண்டு. முட்டி வலிக்காரிக்கு ஒரு துண்டு. ஜெயபுஷ்பத்துக்கு ஒரு துண்டு. புதிதாகச் சேர்ந்த பெண்கள் தாங்களாகவே தலையைத் திருப்பிக் காட்டினார்கள்.

இழவுக்கு வந்த பூவை எந்தப் பெண்ணும் தலையில் வைக்க மாட்டாள். அது அந்த மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும், முன்வரிசைக்கும்கூட, தெரியும். பூ வைக்க வைக்க, சம்பூர்ணம் உயிரோடு இருக்கிற செய்தி ஒவ்வொரு தலையாகப் பரவியது.

"இது நிகழ்ச்சி நிரல்ல இல்ல" என்றார் நவநீதன், மைக் திறந்திருப்பது தெரியாமல்.

முன்வரிசையில் தலைவரின் மனைவி எழுந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து பின்னால் போனார். "எனக்கும் கொஞ்சம் தாம்மா" என்று சம்பூர்ணத்தின் முன்னால் தலையைக் குனிந்தார். சம்பூர்ணம் வைத்துவிட்டாள். மேடையில் சுந்தரமூர்த்தி வெறும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பேரவையில் அதற்கப்புறம் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. பழைய நிலை தொடரும் என்பதற்கு விழா முடிந்ததும் இன்னொரு தீர்மானம் போட்டிருக்க வேண்டும். அதை மறந்துவிட்டார்கள். அதனால் பேரவையின் கோப்பில் சம்பூர்ணம் இன்னும் அமரர்தான். ஆண்டுதோறும் அவளுடைய நினைவு நாளுக்கு அவளுக்கே அழைப்பு வருகிறது. லீவு கிடைத்தால் போவாள். ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வருவாள்.

ஆனால் அந்தப் படத்துக்கு மாலையும் பல்பும் கிடையாது. மாட்டச் சொல்லி உத்தரவு வரும்போதெல்லாம் ஹஸன் பாய்க்கு ஏணி கிடைப்பதில்லை. ஏணி கிடைத்தால் ஆணி கிடைப்பதில்லை. காலையில் ஃபாக்டரி பஸ் வருகிற நேரத்துக்கு அவர் மண்டபத்தின் சாலைப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைப்பார். எதிரே வேகத்தடை. பஸ் அங்கே மெதுவாகத்தான் போக வேண்டும். காற்றுக்காகத் திறப்பதாக நவநீதனிடம் சொல்லியிருக்கிறார்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் ஒருநாள் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் இருந்தாள். சுவர் சுவராக மாலை போட்ட படங்களுக்கு நடுவே அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் அரைத் தூக்கத்தில் இருந்த சம்பூர்ணத்தை உலுக்கினாள்.

"அது யாருக்கா, அவங்களும் செத்தவங்களா?"

சம்பூர்ணம் கண்ணைத் திறந்து, ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்தாள்.

"இல்லடி" என்றாள். "ஷிப்டுக்குப் போய்க்கிட்டு இருக்கறா."